படுத்தால் 190, நின்றால் 84: அப்பாவின் மாத்திரையும் மாதச் செலவும்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து எழுதும் இந்த வாசகி தனியார் பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு 67 வயது, நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 12 வருடமாகச் சுகர், 6 வருடமாகப் பார்க்கின்சன் நோய். அதற்கு முன்பே ஆரம்பித்த பிரஷர் மாத்திரை (டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதையாசைடும் சேர்ந்தது) இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருடம் புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சேர்ந்தது. சுகருக்கு மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும்.

ஐந்து மாதமாக எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. இரண்டு முறை பாத்ரூமில் விழுந்தார், ஒரு முறை நெற்றியில் நான்கு தையல். மூன்று வாரத்துக்கு முன் நரம்பியல் மருத்துவர் மிடோட்ரின் 5 மி.கி. மாத்திரையை நாளுக்கு மூன்று எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் உறை மேல் '1-1-1, சாப்பிட்ட பின்' என்று எழுதித் தந்தார்கள். அதன்படி காலை 8, மதியம் 1.30, இரவு 9 மணிக்குக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் ராத்திரி தலைவலி என்று சொன்னவருக்குப் படுத்தபடியே பார்த்தால் 190/100. பயந்துபோன அம்மா, வீட்டில் இருந்த பழைய அம்லோடிபின் ஒன்றைக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை பாத்ரூம் வாசலில் மறுபடியும் விழுந்தார்; அப்போது 84/50.

மாதம் மருந்துக்கு 5,200 ரூபாய். அப்பாவின் பி.எஃப். பென்ஷன் 2,300. வாசகியின் கேள்விகள்: மிடோட்ரினை நிறுத்திவிடலாமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இந்த மாத்திரைச் செலவு கிடைக்குமா? மலிவான கம்பெனி மாத்திரை போலியா? அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் 'ட்ராக்ஸிடோபா' என்ற மருந்தைச் சொல்கிறார், அங்கே கம்பெனியே பண உதவி தருகிறதாம், நமக்கும் வாங்க முடியுமா? 'லோ பிரஷர்தானே, உப்புப் போட்டு மோர் குடித்தால் போதும்' என்று பக்கத்து வீட்டில் சொல்வது சரியா?

மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரி,

அளவுகளையும் நேரங்களையும் மருந்துப் பெயர்களையும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு விவரமாகப் பதில் சொல்ல முடிகிறது. பாதுகாப்பையும் பணத்தையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு நிலவரத்தில் இரண்டுக்கும் விடை ஒரே மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பண உதவியைத் தேடிப் போகுமுன் அந்தப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் 'லோ பிரஷர்' என்ற சொல். உங்கள் அப்பாவுக்கு எப்போதும் பிரஷர் குறைவாக இல்லை. படுத்தால் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். உடனே நரம்புகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அதை மேலே தள்ள வேண்டும். பார்க்கின்சன் நோயிலும் நாள்பட்ட சுகரிலும் அந்த நரம்புகள்தான் பழுதாகின்றன. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே 'நின்றால் பிரஷர் இறங்கும் நோய்' என்று சொல்வோம்.

நீங்கள் எழுதிய ஓர் அளவு: படுத்து 168/92, நாடி 76, நின்று ஒரு நிமிடத்தில் 104/60, நாடி 81. இறங்கியது 64, நாடி ஏறியதோ வெறும் 5. நரம்பு நன்றாக இருந்தால் இரண்டு புள்ளி இறங்குவதற்கு நாடி ஒன்றாவது ஏறும், அதாவது இங்கே 30-க்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஆகவே நரம்பியல் மருத்துவர் மிடோட்ரினைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. அவரிடம் பழைய பிரஷர் மாத்திரையின் சீட்டைக் காட்டவில்லை என்று ('அது வேறு டாக்டர் கொடுத்தது') போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான்.

மிடோட்ரினுக்கு வயிற்றை விடக் கடிகாரம் முக்கியம்

இந்த மாத்திரை ரத்தக்குழாய்களைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றுகிறது. விழுங்கிச் சுமார் ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும், இரண்டு மூன்று மணி நேரம் நன்றாக வேலை செய்து பிறகு வடியும். ஆள் நிற்கிறாரா படுத்திருக்கிறாரா என்பது மாத்திரைக்குத் தெரியாது. இரவு 9 மணிக்குக் கொடுத்து 9.30-க்குப் படுக்க வைத்தால், உச்சத்துக்கு வரும் நேரத்தில் அவர் மல்லாந்து கிடப்பார். நீங்கள் பார்த்த 190 அப்படி வந்ததுதான். படுத்த நிலையில் பிரஷர் எகிறுவதுதான் இந்த மருந்தின் தலையாய எச்சரிக்கை. அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்றபோதிருந்தே இது அங்கே கட்டம் கட்டி அச்சிடப்படுகிறது.

கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். 9.30-க்குப் படுப்பவருக்குக் காலை 6.30, முற்பகல் 10.30, பிற்பகல் 2.30 என்று வைத்தால் பொருந்தும். முதல் மாத்திரையைப் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விழுங்கிவிட்டு, அரை மணி, முக்கால் மணி கழித்து எழட்டும். இப்போது 8 மணிக்குக் காப்பி, குளியல் எல்லாம் முடிந்த பிறகு கொடுக்கிறீர்கள். அவர் விழுவதோ 6 மணிக்கு. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று இதில் கண்டிப்பு கிடையாது. '1-1-1' என்பது பெரும்பாலான மருந்துகளுக்குப் போதுமான எழுத்து, இந்த மருந்துக்குப் போதாது. மருத்துவரிடம் சொல்லிச் சீட்டிலேயே மணியை எழுதி வாங்குங்கள். இரவு 9 மணி மாத்திரையை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிட்டு, நாளை காலை அவரைப் போனில் கூப்பிட்டு மற்ற நேரங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மதியத் தூக்கம் இன்னொரு பொறி. 1.30-க்கு மாத்திரை, 2 மணிக்குப் பாய் விரித்துப் படுக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி நடப்பதேதான் பகலிலும் நடக்கிறது; யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். தூக்கம் வந்தால் ஈஸி சேரில் சாய்ந்து தூங்கட்டும். காய்ச்சலில் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும் நாளில் இந்த மாத்திரை வேண்டாம். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

தலையில் எறும்பு ஊர்வது, மயிர்க்கூச்செறிதல் எல்லாம் இந்த மருந்தின் வழக்கமான வேலை, பயப்பட வேண்டாம். காதில் 'டம் டம்' என்று துடிப்பு, மண்டை வெடிக்கும் வலி, பார்வை மங்கல் வந்தால் உடனே தலையை உயர்த்தி உட்கார வைத்து அளவு பாருங்கள்.

அம்மா கொடுத்த அம்லோடிபினைப் பற்றி அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த 190-ஐப் பார்த்தால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ராத்திரியின் 190-க்குக் கொடுத்தது மறுநாள் காலை 84-இல் வந்து நின்றது. இனி படுத்த நிலையில் ஏறினால் செய்ய வேண்டியது, எழுப்பிச் சாய்ந்து உட்கார வைப்பது. உட்கார்ந்தாலே இவருக்கு இறங்கும். அவருடைய நோயே அதுதானே! மீதமிருக்கும் அம்லோடிபின் அட்டையை வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள். படுத்த அளவு தொடர்ந்து 180-க்கு மேல் வந்தால் மருத்துவர் குறுகிய நேரம் வேலை செய்யும் மருந்து ஒன்றைப் படுக்கும் நேரத்துக்கு மட்டும் எழுதக்கூடும். அது அவர் முடிவு.

ராத்திரி ஏன் நான்கு முறை எழுகிறார்?

புரோஸ்டேட்டால்தான் என்று நினைக்கிறீர்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் படுத்த நிலையில் பிரஷர் ஏறும்போது சிறுநீரகம் கூடுதலாக உப்பையும் நீரையும் வெளியேற்றும். ராத்திரி முழுக்க அப்படிப் போனால், விடியும்போது உடம்பில் நீர் வற்றியிருக்கும். அந்த நேரத்தில் எழுந்து நின்றால் விழாமல் என்ன செய்வார்?

இதற்குச் செலவில்லாத வைத்தியம் கட்டிலைச் சாய்ப்பது. தலைப்பக்கத்து இரண்டு கால்களுக்கு அடியிலும் 6 முதல் 9 அங்குல உயரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். செங்கல்லும் வைக்கலாம், நழுவாமல் இருக்க வேண்டும். இரண்டு தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், பலன் கிடைக்காது. உடம்பு முழுவதும் சரிவில் இருக்க வேண்டும். பாயில் படுக்கிறவர் என்பதால் இதற்காக ஒரு கட்டில் தேவைப்படும். உங்கள் செலவுகளில் முதலாவதாக நான் வைப்பது அதைத்தான். ராத்திரி சிறுநீருக்குக் கட்டிலோரம் ஒரு யூரின் கேன் போதும், பாத்ரூம் நடையே வேண்டாம்.

மருந்துப் பட்டியலில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள்

ஹைட்ரோகுளோரோதையாசைடு சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் இறக்கும். டாபாகிளிஃப்ளோசின் சுகரைச் சிறுநீரில் தள்ளும்போது கூடவே நீரையும் இழுத்துப் போகும். டெல்மிசார்ட்டன் 24 மணி நேரமும் ரத்தக்குழாயைத் தளர்த்தும். இவற்றின் மேல் மிடோட்ரின் கொடுப்பது, குடத்தின் அடியில் ஓட்டை இருக்க மேலே தண்ணீர் ஊற்றுவதுபோல. பார்க்கின்சன் வந்த பிறகு பழைய பிரஷர் மாத்திரைகள் பலருக்குத் தேவையில்லாமல் போகும். ஆனால் 'பத்து வருடமாகச் சாப்பிடுகிறார்' என்ற ஒரே காரணத்துக்காக அவை தொடரும். ஒரு டாக்டர் கொடுத்ததை இன்னொருவர் நிறுத்தத் தயங்குவார்.

நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுகர்காரருக்குச் சிறுநீரில் புரதம் போனால் டெல்மிசார்ட்டன் சிறுநீரகத்துக்குக் காவலாக இருக்கக்கூடும், டாபாகிளிஃப்ளோசினும் அப்படியே. எதை எடுப்பது, எதைக் குறைப்பது, எதை இரவுக்குத் தள்ளுவது என்பதைக் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), சோடியம், பொட்டாசியம், சிறுநீர்ப் புரதம் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் போக வேண்டியது ஹைட்ரோகுளோரோதையாசைடு என்பது என் கணிப்பு. கிரியேட்டினின் கூடியிருந்தால் மிடோட்ரினையே 2.5 மி.கி.யிலிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும், ஆகவே அந்தப் பரிசோதனை தள்ளிப்போட முடியாதது.

டாம்சுலோசினுக்கும் மிடோட்ரினுக்கும் நேரடிக் கயிறு இழுப்பு. டாம்சுலோசின் தளர்த்தும் அதே இடத்தை மிடோட்ரின் இறுக்குகிறது. ரத்தக்குழாயில் மட்டுமல்ல, சிறுநீர்ப்பையின் கழுத்திலும்! டாம்சுலோசினைச் சட்டென்று நிறுத்தினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். காலை மாத்திரைகளோடு அதைக் கொடுக்கிறீர்கள். இரவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பிரஷரை இறக்காத புரோஸ்டேட் மாத்திரைகளும் (ஃபினஸ்டெரைடு போன்றவை) உண்டு, பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவும் கொஞ்சம் பிரஷரை இறக்கும்தான். அதில் மட்டும் கை வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்துக் கடும் காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தாகும்.

கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையையும் சொல்லியாக வேண்டும். பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கும், அது மிடோட்ரினோடு சேர்ந்தால் படுத்த அளவு இன்னும் எகிறும். 'பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்' என்று மட்டும் கடைக்காரரிடம் சொன்னால் அவர் வேறு விதமாகப் புரிந்துகொள்வார். 'பிரஷரை ஏற்றுகிற மாத்திரை, மிடோட்ரின்' என்று பெயரோடு சொல்லுங்கள்.

மருத்துவரிடம் எடுத்துப் போக வேண்டிய ஒரே தாள்

ஒரு பக்கம் எல்லா மாத்திரைகளும்: மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), மி.கி., எந்த மணி, யார் எழுதியது, மாதம் எவ்வளவு ரூபாய். சத்து மாத்திரையையும் விடாதீர்கள். மறுபக்கம் ஐந்து நாள் அளவுகள். கையில் கட்டும் டிஜிட்டல் கருவி போதும், மணிக்கட்டுக் கருவி வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஓர் அளவு. நிற்க வைத்து முதல் நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. மூன்றிலும் நாடியையும் குறியுங்கள். நிற்கும்போது கை தொங்கினால் அளவு பொய் சொல்லும், நெஞ்சு மட்டத்துக்குத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒருவர் அருகில் நின்றுகொள்ளுங்கள், பின்னால் நாற்காலி இருக்கட்டும். எழுந்தவுடன், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகுமுன் என மூன்று வேளை போதும்.

இதோடு இன்னொரு சோதனை: மிடோட்ரின் கொடுக்கும் முன் நின்ற அளவு, கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து நின்ற அளவு. 10 மி.கி. மாத்திரை நின்ற அளவை 15 முதல் 30 வரை ஏற்றும் என்பது கணக்கு, 5 மி.கி.க்கு அதைவிடக் குறைவாக எதிர்பாருங்கள். எண்ணை விட முக்கியம், பல் தேய்த்து முடிக்கும் வரை நிற்க முடிகிறதா என்பது. இரண்டு மூன்று வாரம் சரியான நேரத்தில் கொடுத்தும் நிற்பதில் மாற்றம் இல்லையென்றால், அதைத் தொடர்வதில் பொருளில்லை என்று மருத்துவரிடமே சொல்லலாம். நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். இதுவரை அந்த மருந்துக்குச் சரியான வாய்ப்பே கிடைக்கவில்லை, அதனால் இப்போதைக்கு வேண்டாம்.

உப்பு, மோர், காப்பி

பக்கத்து வீட்டுக்காரர் பாதி சரி. இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால் இந்த நோயில் உப்பைக் கூட்டச் சொல்வது உண்டு. உப்பு மோர், கஞ்சித் தண்ணீர், ஒரு துண்டு உப்பு நாரத்தங்காய் எல்லாம் நல்ல வழிதான். ஆனால் காலில் நீர் வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் கூடாது, ரத்தப் பரிசோதனை வருமுன்னும் வேண்டாம். ஒரு பக்கம் உப்பை இறக்கும் மாத்திரை, மறுபக்கம் நாரத்தங்காய் என்றால் வீண் வேலை. கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சர்க்கரை இருக்கிறது, சுகர்காரருக்குத் தினசரி வேண்டாம்.

உப்பை விட வேகமானது வெறும் தண்ணீர். எழுவதற்கு முன் அரை லிட்டரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்தால் பத்து இருபது நிமிடத்தில் நின்ற அளவு ஏறத் தொடங்கும், அரை மணிக்கு மேல் தாங்கும். ராத்திரியே கட்டிலருகே ஒரு சொம்பு வைத்துவிடுங்கள். பார்க்கின்சனில் தண்ணீர் புரையேறுவது உண்டு. குடிக்கும்போது இருமுகிறார் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். காலைக் காப்பி நல்லது, மாலைக்கு மேல் வேண்டாம்.

வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குத் திரும்பி ஒரு மணி நேரத்தில் பிரஷர் இறங்கும். மூன்று வேளையை ஐந்தாகப் பிரியுங்கள். சுடுதண்ணீரைத் தலையில் ஊற்றிக் குளிப்பதும் இறக்கும், ஆகவே வெதுவெதுப்பான நீரில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். தலை சுற்றினால் நின்றபடியே கால்களைக் குறுக்கே பின்னி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் சட்டென்று உட்கார வேண்டும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட் பகலில் உதவும், படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

பணம்: எந்தக் கதவைத் தட்டுவது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கான அட்டை. மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அதில் பணம் வராது. அதற்காக அட்டை வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். இவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அன்றைக்கு அதுதான் கை கொடுக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலக மையத்தில் இப்போதே எடுத்து வையுங்கள். விவரத்துக்கு 1800 425 3993. மத்திய அரசு 2024 அக்டோபரில் வருமான வரம்பில்லாமல் விரிவாக்கிய காப்பீடு 70 வயது நிறைந்தவர்களுக்கு. அப்பாவுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

உங்கள் 5,200-ஐ நீங்களே பிரித்து எழுதியிருக்கிறீர்கள்: மிடோட்ரின் 1,700, பார்க்கின்சன் மருந்து 1,300, சுகர் 850, புரோஸ்டேட் 500, பிரஷர் 250, 'நரம்புச் சத்து' 600. கண்ணெல்லாம் 1,700 மேலேயே இருக்கிறது, ஆனால் முதலில் குறையக்கூடியவை மற்றவை. லெவோடோபா-கார்பிடோபாவும் மெட்ஃபார்மினும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் பதிவு செய்து, அங்கே எவை இலவசமாகக் கிடைக்கும் என்று பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். தனியார் மருத்துவரை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், இயன்முறைப் பயிற்சியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஆனால் அந்தத் தன்னார்வலர் வீட்டில் உட்கார வைத்துப் பிரஷர் பார்த்து 'கூடுதல்' என்று மாத்திரை தொடங்கிவிடாமல் இருக்க, நின்ற அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையில் மருத்துவர் எதையாவது எடுத்தால் அதுவும் மிச்சம். 'நரம்புச் சத்து' 600 ரூபாய் தேவையா என்பது பி12 பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிடும். மெட்ஃபார்மின் நீண்டகாலம் சாப்பிடுபவருக்கு பி12 குறைவது உண்டு, அது குறைந்தாலும் நின்றால் பிரஷர் இறங்கும். குறைவு இருந்தால் பி12 மட்டும் போதும்.

மிடோட்ரினுக்கு வருவோம். மலிவு என்றால் போலி என்பது தவறான எண்ணம். ஒரே மருந்தை வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு விலைக்கு விற்கின்றன. அரசின் 'ஃபார்மா சாஹி தாம்' செயலியில் மூலப்பெயரைப் போட்டால் பல கம்பெனி விலைகளை ஒப்பிடலாம். மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகம் இரண்டிலும் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எல்லா மருந்தும் எல்லாக் கடையிலும் இருக்காது. கம்பெனி மாற்றும்போது பார்க்க வேண்டியது மி.கி. இது 2.5, 5, 10 என மூன்று அளவில் வருவது. 5-க்குப் பதில் 10 வந்தால் அன்றிரவே தெரியும், 2.5 வந்தால் 'மலிவு மாத்திரை வேலை செய்யவில்லை' என்று பழி வரும். பில், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கட்டும். சந்தேகமான பக்கவிளைவை 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நீங்களே பதிவு செய்யலாம்.

'ஃப்ளூட்ரோகார்டிசோன்' மலிவு என்று யாராவது சொல்லக்கூடும். 2022-இல் தேசிய அத்தியாவசியப் பட்டியலில் சேர்ந்ததால் அதற்கு விலைக் கட்டுப்பாடு உண்டு என்பது உண்மை. ஆனால் அது உப்பையும் நீரையும் உடம்பில் நாள் முழுக்கத் தேக்கும் ஸ்டீராய்டு. மிடோட்ரினைப் போல மாலையில் வடியாது, பொட்டாசியத்தைக் குறைக்கும், கால்களை வீங்க வைக்கும். படுத்தால் 190 வருகிற சுகர்காரருக்கு விலைக்காக மாற்றிக்கொள்ளும் மருந்தல்ல அது.

அத்தை மகன் சொன்ன ட்ராக்ஸிடோபாவை அமெரிக்காவில் 2014-இல் அனுமதித்தார்கள். அதிலும் படுத்த நிலைப் பிரஷர் எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேலான பலன் நிரூபிக்கப்படவில்லை என்று அதன் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறது. அங்கே கம்பெனிகள் தரும் உதவி அட்டை தனியார் காப்பீடு வைத்திருக்கும் அந்நாட்டு நோயாளிகளின் பங்குத் தொகைக்கானது. அரசின் மெடிகேரில் உள்ள முதியவர்களே அதைப் பயன்படுத்த முடியாது, நமக்கு எங்கே? பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லவும் வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் இருக்கிறது. மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளித்தால் தேசிய அடையாள அட்டை கிடைக்கும். தமிழ்நாடு அரசு பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். குழுவின் முன் போகும்போது விழுந்த தேதிகள், தையல் போட்ட சீட்டு, நான் சொன்ன தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். கோவையில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி பழைய முறையில் வருமான வரி கட்டுகிறார் என்றால், அதே 40 சதவீதச் சான்றும் நரம்பியல் நிபுணரின் சீட்டும் இருந்தால் 60 வயது கடந்த பெற்றோரின் பார்க்கின்சன் செலவுக்கு ஒரு லட்சம் வரை கழிவு உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தின் '80டிடிபி' பிரிவு என்றால் ஆடிட்டருக்குத் தெரியும். புதிய முறையில் கிடையாது.

காத்திருக்கக் கூடாதவை

விழுந்து தலையில் அடிபட்டால், நெஞ்சுவலி வந்தால், ஒரு பக்கம் கை கால் விழுந்தால், பேச்சு குழறினால், படுத்து எழுந்த பிறகும் மயக்கம் தெளியாவிட்டால் 108. மலம் கறுப்பாகப் போனாலோ வாந்தி, பேதி, காய்ச்சலோடு பிரஷர் இறங்கினாலோ அது இந்த நோயின் இறக்கம் அல்ல. மிடோட்ரினைக் கூட்டிக் கொடுத்துப் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், மருந்துத் தாளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.